மீன் நோட்டீஸ்

மில்பர்ன், மிசிசிப்பி
27 செப்டம்பர் 1993

டெரல்,

முதலில் திட்டு, அப்புறம் விசேஷம். வீட்டு போனை கம்பெனிக்காரன் வெட்டிவிட்டான் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு தபால்தலை ஒட்ட உனக்குக் கை வரவில்லை. பெரிய ஆட்டக்காரன் ஆகிவிட்டாய், இனி அக்காவெல்லாம் எங்கே கண்ணுக்குத் தெரியப் போகிறாள்!

விசேஷம் இதுதான். நவம்பர் இருபதாம் தேதி, உன் காலேஜ் மைதானத்தில் நீ ஆடப்போகும் கடைசி ஆட்டத்துக்கு அம்மா வருகிறாள். நாலு வருஷமாக நீ அங்கே ஃபுட்பால் என்று பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுகிறாய். அவள் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. கடைசி வருஷப் பையன்களின் அப்பா அம்மா அன்றைக்கு மைதானத்துக்குள்ளேயே நடந்து வருவார்களாம், அம்மாவுக்கு மகன் தன் கையால் ஒரு ரோஜாப்பூ கொடுப்பானாம். பாஸ்டர் டில்மன் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னார். அன்றிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் லீவு சொல்லியாகிவிட்டது. நீலக் கவுனைப் பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

செலவுக்கு என்ன வழி என்று கேட்பாய். நம் சர்ச் எதற்கு இருக்கிறது? வருகிற ஒன்பதாம் தேதி பெண்கள் குழு மீன் சாப்பாட்டுத் தட்டு விற்கிறது. மிஸ் லூலாவின் இடுப்பு ஆபரேஷனுக்கும் அதுதான், சர்ச் கூரை ஒழுகியபோதும் அதுதான். கெளுத்தி மீன் நான் வேலை பார்க்கும் மீன் ஆலையில் சல்லிசாகக் கிடைக்கும். நாள் முழுக்கத் தோலுரிக்கிறேனே, அந்த உரிமைகூட எனக்கு இல்லையா?

நோட்டீஸ் இத்துடன் இருக்கிறது. 44-ஆம் நம்பர் சட்டையில் நீ நிற்கும் படத்தைக் காலேஜ் புத்தகத்திலிருந்து வெட்டி ஒட்டினேன். ‘நம்ம 44-ஐப் பார்க்க அவன் அம்மாவை அனுப்புவோம்’ என்ற வாசகம் என் மூளையில் உதித்தது. பாராட்டி எழுது.

வெர்னெல்


ஆஷ்பெரி
4 அக்டோபர் 1993

அக்கா,

திட்டும் விசேஷமும் சேர்ந்தே கிடைத்தன. பாராட்டுகிறேன், போதுமா? நோட்டீஸை என் லாக்கர் கதவில் உட்பக்கமாக ஒட்டி வைத்திருக்கிறேன். சட்டை மாற்ற வருகிறவனெல்லாம் படிக்கிறான். ‘சோள மாவில் பொரித்த கெளுத்தி, கோஸ் சாலட், ரொட்டி’ என்ற வரியைப் படித்துவிட்டு கர்ட், “டேய், உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்குப் பசிக்குதுடா” என்றான். கர்ட் என் அறைத் தோழன். ஒஹாயோக்காரன், கதவு அகலம் இருப்பான், எனக்கு முன்னால் ஓடி வழி செய்து தருவது அவன் வேலை.

இந்த வாரம் அவனோடு ஒரே வாக்குவாதம். காலேஜ் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது அவன் கட்சி. “சனிக்கிழமையானா அறுபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிட்டு வர்றான். நம்மளைப் பார்க்க வர்றானா, கணக்கு வாத்தியாரைப் பார்க்க வர்றானா?” என்று கேட்கிறான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. படிப்பு இலவசம், அறை இலவசம், மூன்று வேளைச் சாப்பாடு இலவசம். மில்பர்னில் என்னோடு படித்தவர்களில் எத்தனை பேர் இன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்? இதற்கு மேல் கை நீட்டுவது பேராசை என்று அவனிடம் சொன்னேன்.

சீசனில் நாங்கள் வேறு வேலை பார்க்கக் கூடாது என்பது ஒன்றுதான் கொஞ்சம் இடிக்கிறது. இந்தத் தபால்தலை கர்ட் கொடுத்தது. காலேஜ் கடையில் 44 போட்ட சட்டை விற்கிறார்கள். அம்மாவுக்கு ஒன்று வாங்க நினைத்து விலையைப் பார்த்தேன். அப்படியே மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

அம்மாவைத் தடித்த கோட்டு எடுத்து வரச் சொல். இங்கே குளிர் அதிகம். அவளோடு நடக்கப் போவதை நினைத்தால் எனக்கும் கால் பாவவில்லைதான். இதை அவளிடம் சொல்லாதே, அழுதுவிடுவாள்.

டெரல்


மில்பர்ன்
11 அக்டோபர் 1993

டெரல்,

மீன் பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டது. மறுபடி ஆலைக்கு ஓடினேன். அதுவும் தீர்ந்துவிட்டது. எண்ணெய்ச் சட்டியை விட்டு அம்மா நகரவே இல்லை. “உன் புள்ளைக்காக நீயே வறுக்கணுமா ஒடெஸா, கொஞ்சம் உக்காரு” என்று மிஸ் லூலா சொன்னதற்கு, “நான் வறுத்தாத்தான் அது எனக்கு மீன். இல்லாட்டிப் பிச்சை” என்றாளாம். உன் அம்மா வாயைக் கேட்டாயா?

பஸ் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். ராத்திரி ஜெபத்துக்குத் திறக்கிற சாக்கில் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறாள்.

இனி உன் பேராசைக் கதைக்கு வருகிறேன். படிப்பு கொடுக்கிறார்கள், படுக்கை கொடுக்கிறார்கள், தீனி போடுகிறார்கள் என்கிறாய். நம் தாத்தா உழுத வயலில் கோவேறு கழுதைக்கும் கொட்டகை இருந்தது, தீனி இருந்தது. பருத்தி விற்ற காசில் ஒரு செல்லாக் காசு அதற்கு வந்ததா? உன் எண் போட்ட சட்டையை விற்கிறார்கள். உன் அம்மாவுக்கு ஒன்று வாங்க உன்னால் முடியவில்லை. இதை நீயே எழுதிவிட்டு, அடுத்த வரியில் குளிரைப் பற்றி எழுதுகிறாய். உனக்குக் கோபமே வராதா? கர்ட் எனக்குத் தம்பியாகப் பிறந்திருக்கலாம்.

வெர்னெல்

பி.கு.: கழுதைக்கு யாரும் பட்டம் கொடுப்பதில்லை என்று பதில் எழுதப் போகிறாய். தெரியும். பட்டத்தைக் கையில் வாங்கிவிட்டு எழுது.


ஆஷ்பெரி
18 அக்டோபர் 1993

பெண்கள் குழுவினர்,
மவுண்ட் நீபோ சர்ச்,
மில்பர்ன், மிசிசிப்பி.

அம்மையீர்,

பொருள்: அனுமதியற்ற விற்பனையை நிறுத்தக் கோருதல்.

தாங்கள் நடத்திய உணவு விற்பனைக்கான விளம்பரத்தில் எனது பெயரும் உருவப்படமும் எனக்குத் தெரியாமலும் எனது சம்மதமின்றியும் பயன்படுத்தப்பட்டுள்ளதாக அறிகிறேன். மாணவ ஆட்டக்காரர் எவருடைய பெயரையோ உருவத்தையோ கொண்டு பொருள் விற்பது விதிகளுக்குப் புறம்பானது. இத்தகைய விற்பனையைத் தாங்கள் உடனடியாக நிறுத்த வேண்டும்.

மேற்படி விற்பனையில் கிடைத்த தொகையை எனக்காகவோ எனது குடும்பத்தாரின் பயணத்துக்காகவோ பயன்படுத்தக் கூடாது. மீறினால் ஆட்டத்தில் பங்கேற்கும் எனது தகுதி பாதிக்கப்படும்.

இப்படிக்கு,
டெரல் ஹார்க்ரோவ்


மில்பர்ன்
25 அக்டோபர் 1993

திரு. டெரல் ஹார்க்ரோவ் அவர்களுக்கு,

தங்கள் மேலான கடிதம் கிடைக்கப் பெற்றோம்.

எப்படிக் கிடைத்தது என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். உன் காலேஜின் தங்கமுத்திரை போட்ட உறை. சனிக்கிழமை சர்ச் விலாசத்துக்கு வந்தது. நம் சர்ச்சில் படித்து முன்னேறிய பிள்ளைகளைப் பற்றி நல்ல செய்தி வந்தால் பிரசங்கத்துக்கு முன்னால் வாசிப்பார்களே, நினைவிருக்கிறதா? நீ ஸ்காலர்ஷிப் வாங்கிய கடிதத்தை அப்படித்தான் வாசித்தார்கள். முத்திரையைப் பார்த்ததும் உனக்கு ஏதோ விருது என்று பாஸ்டர் நினைத்துவிட்டார். எல்லோர் முன்னாலும் பிரிப்போம் என்று பிரிக்காமலே மேடைக்கு எடுத்துப் போனார்.

“நம்ம ஒடெஸா அம்மா எழுந்து நில்லுங்க, உங்க புள்ளைகிட்டேருந்து வந்திருக்கு” என்றார். அம்மா நின்றாள். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு நின்றாள்.

‘அம்மையீர்’ என்று வாசித்ததும் பின்வரிசையில் யாரோ “ஆமென்” என்றார்கள். ‘உடனடியாக நிறுத்த வேண்டும்’ வரைக்கும் பாஸ்டரின் வாய் தானாகப் போய்விட்டது. அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்தது. மீதியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, “பாடலாம்” என்றார். யாரும் பாடவில்லை. அம்மா நின்றுகொண்டே இருந்தாள். நான்தான் தோளை அமுக்கி உட்கார வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கடிதத்தை வாங்கிப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். “கையெழுத்து அவனோடதுதானா?”

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? பைபிளிலிருந்து டிக்கெட்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள். இன்றைக்குத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பாஸ்டரிடம் சேர்த்துவிட்டேன்.

‘எனக்குத் தெரியாமல்’ என்று எழுதியிருக்கிறாய். லாக்கரில் ஒட்டி வைத்தேன் என்று எனக்கு எழுதியவன் வேறு ஆளா? அந்தக் கடிதமும் என்னிடம்தான் இருக்கிறது. உனக்கு வெட்கமாக இல்லையா?

வெ. ஹார்க்ரோவ்


ஆஷ்பெரி
1 நவம்பர் 1993

அக்கா,

வெட்கமாக இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு மீதியைச் சொல்கிறேன்.

விதிமுறை அலுவலகம் என்று இங்கே ஒன்று இருக்கிறது. விட்லாக் என்பவர் அதன் அதிகாரி. நாங்கள் எதையும் சும்மா வாங்கிவிடாமல் பார்ப்பதுதான் அவருக்குச் சம்பளம். ஒருநாள் லாக்கர் அறைக்கு வந்தவர் நோட்டீஸைப் பார்த்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். “நல்லா இருக்கே, எங்க விக்குது?” நான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். மீன் ஆலையைச் சொன்னேன், நீ படம் வெட்டியதைச் சொன்னேன், பஸ் டிக்கெட்டைச் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன்.

மறுநாள் தட்டச்சடித்த காகிதத்தை மேசையில் வைத்தார். “இதுல கையெழுத்துப் போட்டா ஆடலாம். போடலைன்னா விசாரணை. விசாரணை முடியறதுக்குள்ள சீசன் முடிஞ்சிடும்.” எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறதே, எனக்குத் தெரியுமே என்றேன். “தம்பி, உன்னைக் காப்பாத்தத்தான் அந்த வரி” என்றார். கோச் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையில் 44 சட்டை விற்கிறதே, அது மட்டும் எப்படி என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “அதுல உன் பேரும் இல்லை, மூஞ்சியும் இல்லை. நம்பர் காலேஜோடது” என்றார். நீ இருந்திருந்தால் அதற்குப் பதில் சொல்லியிருப்பாய்.

நான் ஏன் போட்டேன் என்றால், தொழில்முறை அணிகளுக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் அந்தக் கடைசி ஆட்டத்துக்கு வருகிறார்கள். அவர்கள் கண்ணில் பட்டால் நிஜச் சம்பளம். அம்மா அந்தச் சமையலறையிலிருந்து வெளியே வரலாம், நீ மீன் தோலுரிப்பதை விடலாம். அதை நினைத்துத்தான் போட்டேன். அம்மா வருகிற ஆட்டத்தில் ஆடுவதற்காகப் போட்ட கையெழுத்தே அம்மாவை வரவிடாமல் செய்யும் என்பது இரண்டாம் பத்தியில் இருந்தது. அதையும் படித்தேன். படிக்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

கடிதம் அலுவலகக் கோப்பிலேயே கிடக்கும் என்று நினைத்தேன், அதை நிஜமாகவே சர்ச்சுக்கு அனுப்புவார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியாது.

டெரல்


மில்பர்ன்
9 நவம்பர் 1993

டெரல்,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சட்டைக் கதை வந்த இடத்தில் ஒருமுறை “ம்” என்றாள். அவ்வளவுதான்.

பாஸ்டர் நாலு பேரிடம் கேட்டு வேறு வழி பார்த்தார். மிஸ் லூலா தன் சேமிப்பிலிருந்து கொடுக்கிறேன் என்று வந்தாள். அம்மா எதையும் தொடமாட்டேன் என்றுவிட்டாள். “எந்தக் காசு ஆகும், எந்தக் காசு ஆகாதுன்னு எனக்கு என்னம்மா தெரியும்? அவங்களுக்கே எழுதி வச்சுப் பார்த்தாத்தான் தெரியுது. நான் ஒண்ணு செய்யப் போய் அவனை ஆடவிடாம உக்கார வச்சுட்டாங்கன்னா?” என்கிறாள். உன்மேல் கோபமில்லை. பயம்தான். கோபமாக இருந்தால் எனக்குத் தேவலை போலிருக்கிறது, அதோடு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியும்.

எடுத்த லீவு வீணாக வேண்டாமென்று இருபதாம் தேதி வாக்கில் மெம்ஃபிஸில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போகிறாளாம். போகட்டும்.

என் கோபம் பாதி தீர்ந்துவிட்டது. மீதியை கிறிஸ்துமஸுக்கு வரும்போது நேரில் தருகிறேன். நன்றாக ஆடு. கையெழுத்தும் போட்டுவிட்டு ஆட்டத்தையும் கோட்டை விட்டால் உன்னைச் சும்மா விடமாட்டேன்.

வெர்னெல்


ஆஷ்பெரி
21 நவம்பர் 1993

அக்கா,

நேற்று ஆட்டம் முடிந்தது. ஜெயித்தோம். நூற்று முப்பது கெஜத்துக்கு மேல் ஓடினேன், இரண்டு தடவை எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினேன். ஆள் பொறுக்குகிறவர்கள் மூன்று பேர் வந்திருந்தார்களாம், ஒருவர் என் முழங்காலைப் பற்றி விசாரித்தாராம். மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பது போல என்றான் கர்ட். நீயும் அவனும் ஒரே பள்ளியில் படித்தீர்களா?

ஆட்டத்துக்கு முன்னால் நடை நடந்தது. அப்பா அம்மா வராத பையன்களுக்கு ஆள் ஏற்பாடு செய்து தருகிறார்கள். எனக்கு விளையாட்டுத் துறைத் தலைவரின் மனைவி. நல்ல அம்மாள்தான், வெள்ளைக் கோட்டு, கையுறை. “உங்க அம்மா வரலையாப்பா?” என்று கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒலிபெருக்கியில் என் பெயரையும் ஊரையும் சொன்னார்கள். ரோஜாவைக் கொடுத்தேன். அவர் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தார், போட்டோ எடுத்தார்கள்.

அறுபதாயிரம் பேர் கத்தினார்கள். நான் கேலரியை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப் போகிறது?

சின்னம்மா வீட்டிலிருந்து அம்மா திரும்பிவிட்டாளா?

டெரல்


மில்பர்ன்
26 நவம்பர் 1993

டெரல்,

உட்கார்ந்து படி.

அம்மா மெம்ஃபிஸுக்குப் போகவில்லை. அங்கேதான் வந்திருந்தாள்.

நேற்று நன்றி செலுத்தும் நாள் பண்டிகைச் சாப்பாட்டில் உன் கடிதத்தை எடுத்து வாசித்தேன். வெள்ளைக் கோட்டு அம்மாள் வந்த இடத்தில், “வெள்ளை இல்லை, சந்தன நிறம்” என்றாள் அம்மா. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். தன் சம்பளத்தில் டிக்கெட் எடுத்து ராத்திரி பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஓட்டல் இல்லை. காலையில் பஸ் நிலையத்துக் கழிப்பறையில் முகம் கழுவி நீலக் கவுனை மாட்டிக்கொண்டாளாம். மைதான வாசலில் ஒரு ஆளிடம் சீட்டு வாங்கி உச்சி வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறாள். நீ கட்டைவிரல் அளவுதான் தெரிந்தாயாம். நடையை வைத்துக் கண்டுபிடித்தாளாம்.

“கீழ போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா, உன் சொந்தக் காசுதானே?” என்று கத்தினேன். “அது என் காசுன்னு அவங்க நம்பணுமே. என்னைப் பார்த்ததும் மீன் காசுல வந்தவன்னு அவனை உக்கார வச்சுட்டா?” என்றாள். உன் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னபோது எல்லோரும் எழுந்தார்களாம். இவளும் எழுந்தாளாம். தனியாகத் தெரியாது என்று தைரியமாம்.

கேள், இன்னும் இருக்கிறது. உனக்காக மீன் வறுத்து, பொட்டலம் கட்டி எடுத்து வந்திருக்கிறாள். வந்த பிறகு அதுவும் விதிக்குள் வருமோ என்று பயம் வந்துவிட்டது. மடியிலேயே வைத்துக்கொண்டு முக்கால் ஆட்டம் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு ஆள், உன் 44 சட்டை போட்டவன். நீ கோட்டைத் தாண்டியபோதெல்லாம் இவள் முதுகில் தட்டினானாம். வாசனை பிடித்து, “என்னம்மா அது?” என்று கேட்டிருக்கிறான். கொடுத்துவிட்டாள். முழுப் பொட்டலத்தையும் அவன்தான் தின்றான்.

“யாரு பண்ணது? இப்படி ஒரு மீனு நான் தின்னதே இல்லை” என்றானாம்.

“நான்தான். 44-ஓட அம்மா.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தானாம். “அவங்க அம்மாவைத்தான் கீழ பார்த்தோமே, பூ வாங்கினாங்களே!” என்றானாம். இவளும் சேர்ந்து சிரித்து வைத்திருக்கிறாள்.

போகும்போது அவன் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டியிருக்கிறான், மீனுக்கு. நல்ல ஆள்தான் போலிருக்கிறது. அம்மா வாங்கவில்லை.

“ஏம்மா? திரும்பி வர பஸ்ல ஒரு காப்பி குடிச்சிருக்கலாமே?”

“வேண்டாம்டி. உன் தம்பி நம்பர் போட்ட சட்டைக்காரன் கொடுக்கிற காசு. வாங்கினா அவனுக்கு ஆகாது.”

வெர்னெல்


ஆஷ்பெரி
1 டிசம்பர் 1993

அக்கா,

கடிதம் வந்தது. இன்று காலை கர்ட்டிடம் போய், நீ சொன்னதுதான் சரி, நமக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும் என்றேன். இத்தனை நாள் ஒத்துக்கொள்ளாதவன் இப்போது ஏன் என்று கேட்டான். மீன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

பிறகு காலேஜ் கடைக்குப் போய், கர்ட்டிடம் கடன் வாங்கிய பணத்தில் 44 சட்டை ஒன்று வாங்கினேன். சின்ன அளவு. கல்லாவில் இருந்த பெண் என்னை அடையாளம் தெரியாமல், “யாருக்கு, தங்கச்சிக்கா?” என்று கேட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் வருகிறேன். அம்மாவை மீன் வறுத்து வைக்கச் சொல். சர்ச்சில் அறிவிப்பு நேரத்தில் எனக்கு ஐந்து நிமிஷம் வேண்டும் என்று பாஸ்டரிடம் கேட்டு வை. அந்தக் கடிதத்தில் இருந்தது பொய் என்றும், நோட்டீஸை ஒட்டியவன் நான் என்றும் அங்கேயே நின்று சொல்ல வேண்டும். அம்மா உட்கார்ந்திருக்கட்டும்.

விட்லாக்கிடம் எதையும் கேட்டுவிட்டு வரப் போவதில்லை.

டெரல்